சேலம் பொண்ணு கோல்கீப்பர் ஆகணும்னா: முதல் கிளவுஸ்ல இருந்து லீக் கான்ட்ராக்ட் வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

நம்ம ஊர் ஸ்கூல்கள்ல கேர்ள்ஸ் ஃபுட்பால் டீம் எடுக்கறப்போ கீப்பரை எப்படி பிடிக்கறாங்கன்னு பாத்திருப்பீங்க. பத்து பேருக்கு இடம் கொடுத்து முடிச்சப்பறம் மிச்சம் நிக்கிற பொண்ணு, இல்லன்னா ஓடினா மூச்சு வாங்கற பொண்ணு, இல்லன்னா கொஞ்சம் உயரமா இருக்கிற பொண்ணு, "நீ போயி கோல்ல நில்லு கண்ணு"னு பிடி சார் சொல்லிடுவாரு, அவ்வளவுதான் செலக்‌ஷன். அந்தப் பொண்ணுக்கு கிளவுஸ் கிடையாது, எப்படி விழணும்னு யாரும் சொல்லித் தந்ததில்ல, நாலு கோல் வாங்கினா மட்டும் எல்லாரும் திட்டுவாங்க, அடுத்த வருஷம் அவ கிரவுண்டு பக்கமே வரமாட்டா.

எனக்கு இதுதான் பெரிய வருத்தம். ஏன்னா சேலம் மாதிரி ஊர்ல இருந்து ஒரு பொண்ணு ப்ரொஃபஷனல் ஃபுட்பாலுக்கு போகணும்னா கோல்கீப்பிங்தான் திறந்து கிடக்கிற கதவுன்னு நான் முழுசா நம்பறேன். ஸ்ட்ரைக்கர் ஆகணும்னு வர்ற கூட்டம் கீப்பர் பக்கம் இல்ல, நல்லா சொல்லிக்கொடுத்த கீப்பர் ஸ்டேட் லெவல்லயே கம்மி, லேட்டா ஆரம்பிச்சாலும் பிடிச்சுக்கலாம். ஆனா அதை மிச்சம் மீதி வேலையா இல்லாம ஒரு தொழிலா கத்துக்கணும். அதுக்குத்தான் இது. ஏற்காடு மேல நாகலூர்ல இருந்தாலும் சரி, கீழ கொண்டலாம்பட்டியில இருந்தாலும் சரி, பன்னெண்டு வயசு ஆனாலும் பதினேழு ஆனாலும் படிக்கலாம், அப்பா அம்மாவுக்குன்னு கடைசிப் பக்கத்துல தனியா ஒரு பகுதி இருக்கு.

படி 1: இது உனக்கு செட் ஆகுமா

கபடி ஆடற பொண்ணுங்க, த்ரோபால் ஆடற பொண்ணுங்க, வாலிபால் பொண்ணுங்க, நீங்கதான் முதல்ல இதைப் படிக்கணும். சேலம் ஜில்லா ஸ்கூல்கள்ல பொண்ணுங்களுக்குன்னு நிறைய நடக்கறது இந்த ஆட்டங்கள்தான். த்ரோபால் ஆடினவளுக்கு பந்தை ரெண்டு கையால சுத்தமா பிடிக்கறது பழக்கம், கபடிக்காரிக்கு தரையில விழறது பயம் கிடையாது, வாலிபால்காரிக்கு தலைக்கு மேல வர்ற பந்தோட நேரம் தெரியும். ஒரு கீப்பருக்கு வேண்டிய பாதி இதுலயே இருக்கு.

இது சும்மா ஆறுதலுக்கு சொல்றது இல்ல. இந்தியாவோட அதிதி சௌகான் பாஸ்கெட்பால் ஆடிட்டு இருந்தவங்க, அப்பறம்தான் டெல்லி அணிக்கு கீப்பரா போனாங்க. இங்கிலாந்துல லஃப்பரோ யுனிவர்சிட்டியில படிச்சுக்கிட்டே 2015ல வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணியில சேர்ந்தாங்க, 2025ல ஓய்வு அறிவிக்கிற வரைக்கும் இந்தியாவுக்கு வருஷக்கணக்கா நின்னாங்க. அமெரிக்காவோட ஹோப் சோலோ ஸ்கூல்ல ஃபார்வர்டு ஆடினவங்க.

உயரம் பத்தி எல்லாரும் கேப்பாங்க. போஸ்ட் அளவு ஆம்பளைங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் ஒண்ணுதான், அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர், அதாவது 24 அடிக்கு 8 அடி. உயரம் இருந்தா நல்லதுதான், மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா உயரம் குறைஞ்ச பொண்ணு கால் வேகத்தாலயும் நிக்கிற இடத்தாலயும் நிறைய ஈடு கட்டலாம், பதிமூணு வயசுல அளந்து பாத்துட்டு "இவ தேற மாட்டா"ன்னு சொல்றது ரொம்ப தப்பு. கண்ணு பத்தியும் ஒண்ணு சொல்லணும். இங்கிலாந்து கீப்பர் ஹன்னா ஹாம்ப்டன் மாறுகண்ணோட பிறந்தவங்க, தூரத்தைக் கணிக்கிறதுலயே அவங்களுக்கு சிக்கல், ஃபுட்பால் ஆட முடியாதுன்னே சின்ன வயசுல டாக்டருங்க சொல்லியிருக்காங்க. 2025 யூரோ ஃபைனல்ல ஸ்பெயினுக்கு எதிரா பெனால்டி ஷூட்அவுட்ல ரெண்டு பெனால்டியைத் தடுத்தது அவங்கதான்.

படி 2: சாமான், துணி, தரை

சேலத்துல புல்தரை கிரவுண்டு கிடைக்கறது அதிர்ஷ்டம். பெரும்பாலும் செம்மண்ணும் சரளைக்கல்லும்தான், வெயில் காலத்துல சிமெண்ட் மாதிரி இறுகிப் போயிருக்கும். அதனால கிளவுஸ் வாங்கறப்போ டிவியில பாக்கற மெத்துன்னு இருக்கிற மேட்ச் கிளவுஸை ப்ராக்டிஸுக்கு வாங்காத, அதோட உள்ளங்கையில இருக்கிற லேட்டக்ஸ் ரப்பர் நம்ம மண்ணுல சீக்கிரமே பிஞ்சு போகும். கொஞ்சம் கெட்டியான உள்ளங்கை இருக்கிற சாதா கிளவுஸ் ப்ராக்டிஸுக்கு, நல்லது ஒரு ஜோடி மேட்ச்சுக்கு மட்டும். விரல் நுனிக்கும் கிளவுஸ் நுனிக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடம் விட்டா போதும், அண்ணன் கிளவுஸை வாங்கிப் போட்டா அது உள்ள கை சுத்திக்கிட்டே இருக்கும். ஆடறதுக்கு முன்னாடி உள்ளங்கையை லேசா நனைச்சுக்கோ, பிடிமானம் கூடும். ஆடி முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில அலசி நிழல்ல காயப்போடு. சோப்புத்தூள்ல ஊற வைக்கிறது, மொட்டை மாடி வெயில்ல போடறது ரெண்டும் லேட்டக்ஸைக் கொன்னுடும்.

துணி விஷயத்துல நிறைய பொண்ணுங்களுக்கும் வீட்டுக்கும் தெரியாத ஒண்ணு சொல்றேன். கீப்பர் முழு நீள டிராக் பேன்ட் போட்டு ஆடலாம், ரூல்புக்லயே அனுமதி இருக்கு, தொப்பியும் போடலாம், ஹிஜாப் மாதிரி தலையை மூடற துணிக்கும் அனுமதி உண்டு. ஷார்ட்ஸ் போடணுமேன்னு கிரவுண்டுக்கு வராம இருக்கிற பொண்ணு இருந்தா அவகிட்ட இதைச் சொல்லுங்க. எப்படியும் நம்ம தரையில முழங்காலும் இடுப்பும் தேயாம இருக்க பேன்ட்தான் நல்லது, உள்ள இடுப்புல பேட் வச்ச ஷார்ட்ஸ், முழங்கைக்கு ஒரு பேட். நல்ல ஸ்போர்ட்ஸ் ப்ரா கட்டாயம், அதுல காசு மிச்சம் பிடிக்காத.

ஏற்காடு பொண்ணுங்களுக்கு கதையே வேற. 1,500 மீட்டர் உயரம், பனி, தூறல், பந்து எப்பவும் ஈரம். ஈரப்பந்தைப் பிடிச்சே ஆகணும்னு அடம் பிடிக்காம உடம்பைப் பந்துக்குப் பின்னாடி கொண்டு வரக் கத்துக்கணும், பிடிக்க முடியாததைப் பக்கவாட்டுல தள்ளிவிடணும், நடுவுல தட்டினா எதிர் டீம் ஸ்ட்ரைக்கர் கால்லதான் போய் விழும். ஒரு வகையில மலைப் பொண்ணுங்களுக்கு இது வரம்தான், மழையில ஆடற மேட்ச்ல கீழ இருந்து வந்த கீப்பர் திணறறப்போ இவங்க சாதாரணமா நிப்பாங்க.

படி 3: பந்துக்கு முன்னாடி, விழக் கத்துக்கோ

இதை யாரும் சொல்லித் தர்றதில்ல, பொண்ணுங்க விட்டுட்டுப் போறதுக்கு முக்கியமான காரணமும் இதுதான். முதல் நாளே கட்டாந்தரையில டைவ் அடிக்கச் சொன்னா யாருக்குத்தான் ஆசை வரும்.

உன் ஸ்கூல்ல லாங் ஜம்ப் பிட் இருக்கும். அந்த மணலைக் கொத்திக் கிளறி கல்லு பொறுக்கிட்டு அங்க ஆரம்பி. முதல்ல உக்காந்த நிலையில, காலை நீட்டி, ஒருத்தி பக்கவாட்டுல பந்தை உருட்ட, நீ அப்படியே சாஞ்சு பிடி. அது பழகினதும் முட்டி போட்டு. அப்பறம் குத்த வச்சு. அப்பறம்தான் நின்னுக்கிட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரே விஷயத்தைப் பாரு: உடம்போட பக்கவாட்டுலதான் விழணும், கணுக்கால் பக்கம், தொடை, இடுப்போட பக்கம், விலா, தோள்னு வரிசையா தரையைத் தொடணும். வயித்துல குப்புற விழுந்தா மூச்சு அடைக்கும், முழங்கையை ஊணினா தோள் போயிடும். பந்துதான் உன்னோட முதல் மெத்தை, ஒரு கை பந்துக்குப் பின்னாடி, இன்னொரு கை பந்துக்கு மேல, பந்தைத் தரையில அழுத்தி அது மேல உன் பாரம் இறங்கணும். டைவ் பின்பக்கமா போகக்கூடாது, கொஞ்சம் முன்னாடி போகணும், பந்து இருக்கிற திசைக்கு.

ரெண்டு பக்கமும் பழகு. எல்லாருக்கும் ஒரு பக்கம் சுலபமா வரும், இன்னொரு பக்கம் பயமா இருக்கும். பயமா இருக்கிற பக்கம் கூடுதலா செய். மணல்ல சாதாரணமா வந்தப்பறம்தான் தரைக்கு வா, அதுவும் காலையில தண்ணி தெளிச்ச இடமா பாத்து.

படி 4: கை

மார்புக்கு மேல வர்ற பந்துக்கு ரெண்டு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிட்டகிட்ட வந்து பந்துக்குப் பின்னாடி நிக்கணும், நடுவுல பந்து புகுந்து போற அளவு இடைவெளி கூடாது. இடுப்புக்குக் கீழ வந்தா கை திரும்பிடும், சுண்டு விரல் ரெண்டும் கிட்ட, உள்ளங்கை மேல பாத்து, பந்தை அள்ளி நெஞ்சுல அணைச்சுக்கணும். முழங்கை ரெண்டும் ஒட்டி இருந்தா பந்து வயித்துக்கும் கைக்கும் நடுவுல நழுவாது. தரையில உருண்டு வர்றதுக்கு ஒரு முட்டியை இன்னொரு காலுக்குப் பக்கத்துல மடக்கு, கைக்குத் தப்பினாலும் கால் சுவரா நிக்கும்.

இதை வீட்டுச் சுவத்துல தனியாவே பழகலாம், பக்கத்து வீட்டுக்காரங்க கத்தாத நேரமா பாத்துக்கோ. டென்னிஸ் பந்தை அடிச்சு ஒரு கையில பிடிக்கறது, அப்பறம் ஃபுட்பால். பன்னெண்டு வயசுக்குள்ள இருந்தா சைஸ் 4 பந்து போதும், அதுக்கு மேல சைஸ் 5, எடை 410 முதல் 450 கிராம் வரை. சின்னக் கைக்குப் பெரிய பந்தைக் கொடுத்தா தப்பான பழக்கம்தான் வரும்.

படி 5: எங்க நிக்கணும், கயிறு வச்சு ஒரு பாடம்

எனக்கு இந்தத் தொழில்லயே ரொம்பப் பிடிச்ச பாடம் இதுதான், கொஞ்சம் விளக்கமாவே எழுதறேன்.

செவ்வாய்பேட்டையில எந்தக் கயித்துக் கடையிலயும் நைலான் கொடிக்கயிறு கிடைக்கும், ஒரு 35 மீட்டர் வாங்கிக்கோ. பாதியா வெட்டி ஒண்ணை இடது போஸ்ட் அடியில, இன்னொண்ணை வலது போஸ்ட் அடியில கட்டு. ரெண்டோட மறுமுனையையும் பெனால்டி ஏரியா கோட்டு மேல, கோலுக்கு நேரா 16.5 மீட்டர் தள்ளி பந்து வச்ச இடத்துல ஒரு ஆணி அடிச்சுக் கட்டு. இப்போ பந்துல இருந்து ரெண்டு போஸ்ட்டுக்கும் ஒரு கூம்பு மாதிரி கயிறு விரிஞ்சு நிக்கும். பந்து கோலுக்குள்ள போகணும்னா இந்த ரெண்டு கயித்துக்கு நடுவுலதான் போயாகணும், வேற வழியே இல்ல.

கோல் லைன் மேல நின்னு கையை ரெண்டு பக்கமும் விரி. கயிறு எங்கயோ இருக்கும், உன் கை எங்கயோ இருக்கும். இப்போ பந்தைப் பாத்து ஒவ்வொரு அடியா முன்னாடி வா. ஒவ்வொரு அடிக்கும் கயிறு உன் கைப்பக்கம் நெருங்கி வரும். பாதி தூரம் வந்தா 7.32 மீட்டர் அகலம் 3.66 ஆகிடும், ஒரு டைவ்ல ரெண்டு பக்கமும் தொட்டுடலாம். சின்னப் பொண்ணுங்க இந்த இடத்துல திரும்பி கோலைப் பாத்துட்டு மறுபடி கயித்தைப் பாப்பாங்க, அந்த முகத்துல புரிஞ்சது தெரியும், அதுக்கப்பறம் "ஏன் முன்னாடி வரணும்"னு அவங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்ல.

அப்போ ஓடிப்போயி பந்து காலடியிலயே நிக்கலாமேன்னு தோணும். தோழியை விட்டு பந்தைக் கொஞ்சம் தூக்கி அடிக்கச் சொல்லு, தலைக்கு மேல போயி கோல்ல விழும். எவ்வளவு தூரம் வந்தா கையும் எட்டும், தலைக்கு மேலயும் போகாதுங்கறது உன் உயரத்தையும் குதிக்கிற அளவையும் பொறுத்தது, அதை நீயேதான் கண்டுபிடிக்கணும், புக்ல கிடைக்காது. அப்பறம் ஆணியைப் பிடுங்கி பந்தை ஓரமா, கார்னர் பக்கமா நகத்து. கூம்பு சாஞ்சிடும். இப்போ நீ நிக்க வேண்டியது கோலோட நடுவுல இல்ல, ரெண்டு கயித்துக்கும் நடுவுல. கிட்டப் போஸ்ட்ல கோல் வாங்கற முக்காவாசி சின்னக் கீப்பருங்க இந்த ஒரு விஷயம் தெரியாமதான் வாங்கறாங்க.

ஷூட் அடிக்கிற அந்த நொடியில நீ நகர்ந்துக்கிட்டு இருக்கக்கூடாது. கால் தோள் அகலத்துக்கு, முட்டி லேசா மடங்கி, பாரம் முன்னங்கால்ல, கை இடுப்புக்கிட்ட, நின்னுடணும். சரியான இடத்துக்கு ரெண்டு அடி பாக்கி இருந்தாலும் பரவால்ல, நில்லு.

படி 6: வாயும் காலும்

நம்ம பொண்ணுங்களை சத்தம் போடாதன்னு சொல்லியே வளத்துடறோம், கீப்பருக்கு அது பெரிய இடைஞ்சல். மொத்த கிரவுண்டும் முன்னாடி தெரியற ஒரே ஆள் நீதான், நீ சொல்லலைன்னா டிஃபெண்டருக்குத் தெரியாது. ஓரத்துல இருந்து கோல் முன்னாடி அடிக்கிற கிராஸ் பந்துக்கு நீ வர்றேன்னா "கீப்பர்"னு முழுத் தொண்டையில ஒரு தடவை, வரலைன்னா "அவே", அதாவது அடிச்சு வெளிய தள்ளுன்னு. பின்னாடி ஆள் வந்தா "மேன் ஆன்", ஆள் இல்லன்னா "டைம்". சீனியர் அக்காவா இருந்தாலும் பேரைச் சொல்லி "கவிதாக்கா லெஃப்ட்"னு கத்து, கிரவுண்டுக்குள்ள அது மரியாதைக் குறைவு கிடையாது. சொன்னப்பறம் மனசு மாத்தாத, "கீப்பர்"னு கத்திட்டு பாதியில நிக்கிறதுதான் இருக்கறதுலயே மோசம்.

கால் ஆட்டமும் இப்போ கட்டாயம். 2019ல இருந்து கோல்கிக் பெனால்டி ஏரியாவை விட்டு வெளிய போகணும்னு இல்ல, பக்கத்துல நிக்கிற டிஃபெண்டருக்கே கொடுக்கலாம். அதனால கோச்சுங்க ரெண்டு காலாலயும் பாஸ் கொடுக்கிற கீப்பரைத்தான் தேடறாங்க. வாரத்துல ரெண்டு நாளாவது ஃபீல்டு ப்ளேயருங்களோட சேர்ந்து ரோண்டோ (வட்டமா நிக்கிறவங்க பாஸ் கொடுக்க, நடுவுல நிக்கிறவ பந்தைப் பறிக்கிற ஆட்டம்) ஆடு, கோச் உன்னைத் தனியா ஓரத்துல நிக்க வச்சா நீயே போய்க் கேளு.

படி 7: ரூல்ஸ், சுருக்கமா

உன் டீம் ஆள் வேணும்னே காலால பின்னாடி கொடுத்தா கையால தொடக்கூடாது, தலையால நெஞ்சால கொடுத்தா தொடலாம். உன் டீமோட த்ரோ நேரா உனக்கு வந்தாலும் கை கூடாது. பந்தைக் கையில பிடிச்சு 8 செகண்டுக்குள்ள விட்டுடணும், 2025-26ல இருந்து வந்த புது ரூல் இது, கடைசி 5 செகண்டை ரெஃப்ரி கையைத் தூக்கி எண்ணிக் காட்டுவாரு, தாண்டினா எதிர் டீமுக்கு கார்னர். பழைய 6 செகண்ட் ரூலை இன்னும் சொல்லிட்டு இருக்கிறவங்க இருக்காங்க, லோக்கல் டோர்னமென்ட்ல எதை எடுத்துக்கறாங்கன்னு மேட்ச்சுக்கு முன்னாடியே ரெஃப்ரிகிட்ட கேட்டுக்கோ.

பெனால்டியில, அடிக்கிற நேரத்துல ஒரு காலோட கொஞ்சமாவது கோல் லைன் மேலயோ அதுக்கு நேராவோ பின்னாடியோ இருக்கணும். போஸ்ட்டை ஆட்டறது, நெட்டைப் பிடிச்சு இழுக்கிறது எல்லாம் கூடாது. 11 மீட்டர்ல இருந்து மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா பந்து அரை செகண்டுல உன்கிட்ட வந்துடும், பாத்துட்டுப் பாயலாம்னு இருந்தா லேட். அடிக்கிறவளோட ஊணு கால் எந்தப் பக்கம் பாக்குது, இடுப்பு எப்படித் திரும்புதுன்னு பழகிப் பழகித்தான் கண்ணுக்குப் பிடிபடும்.

படி 8: உடம்பு

முட்டி. முதல்ல முட்டி. முட்டிக்குள்ள இருக்கிற ஏசிஎல் தசைநார் கிழியறது ஆம்பளை ப்ளேயருங்களை விட பொண்ணுங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்னு பல ஆராய்ச்சி சொல்லுது, கிழிஞ்சா ஆபரேஷன், ஒன்பது மாசம் ஒரு வருஷம்னு போயிடும். பெரும்பாலும் யாரும் மோதாமலேதான் நடக்குது, குதிச்சு இறங்கறப்போ முட்டி உள்பக்கமா சாயும், அவ்வளவுதான். ஃபிஃபா 11+னு ஒரு வார்ம் அப் இருக்கு, 20 நிமிஷம், காசு கிடையாது, நெட்ல வீடியோவே இருக்கு, வாரத்துல ரெண்டு மூணு தடவை ஒழுங்கா செஞ்சா காயம் குறையும்னு சோதிச்சுப் பாத்து சொல்லியிருக்காங்க. கீப்பருங்களுக்குத் தோள்பட்டைக்குன்னு அதுலயே தனியா ஒண்ணு இருக்கு. குதிச்சு இறங்கறப்போ கண்ணாடி முன்னாடி இல்லன்னா ஃபோன்ல வீடியோ எடுத்துப் பாரு, முட்டி கால்விரலுக்கு நேரா இருக்கணும்.

விரல் சுளுக்கினா யாராவது வந்து "இழுத்துவிடறேன்"னு சொல்லுவாங்க. விடாத. ஐஸ் வை, பக்கத்து விரலோட சேர்த்து டேப் போடு, நுனி தொங்கிப் போயி நிமிராம இருந்தா அன்னைக்கே எலும்பு டாக்டரைப் பாரு. தலையில அடிபட்டு மயக்கமா, குமட்டலா, கண்ணு மங்கலா இருந்தா அந்த மேட்ச் அதோட முடிஞ்சுது, எவ்வளவு முக்கியமான மேட்ச்சா இருந்தாலும் சரி.

சாப்பாட்டுல இரும்புச்சத்தைப் பாத்துக்கோ, நம்ம பொண்ணுங்க நிறைய பேருக்கு ரத்தசோகை இருக்கு, அது தெரியாம "சோம்பேறி"ன்னு பேரு வாங்கறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஹீமோகுளோபின் டெஸ்ட் எடு. ராகி, முருங்கைக்கீரை, கடலை, முட்டை, முடிஞ்சா கறி, மீன், இதுக்கு நடுவுல சாப்பிட்ட உடனே டீ குடிக்கிறதை மட்டும் விட்டுடு, டீ இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. ப்ராக்டிஸ் முடிச்சு வர்ற வழியில தட்டுவடை செட் சாப்பிடு, யாரும் தடுக்கல, ஆனா வீட்டுக்குப் போயி ஒழுங்கா சாப்பிடவும் செய். பீரியட்ஸ் தேதியை ஒரு நோட்டுல எழுதி வை, மாசக்கணக்கா வராம நின்னா அதை வசதின்னு நினைக்காம டாக்டரைப் பாரு, சாப்பாடு பத்தலைங்கறதுக்கு அது ஒரு அடையாளமா இருக்கலாம்.

படி 9: ஏணி எப்படிப் போகுது

ஸ்கூல்ல குறுவட்டம், மாவட்டம், மண்டலம், மாநிலம்னு போட்டி ஏறும். அதோட முதலமைச்சர் கோப்பை, அதுலயும் ஃபுட்பால் இருக்கு, ஸ்கூல் பிரிவு, காலேஜ் பிரிவு தனித்தனியா. சேலத்துல மகாத்மா காந்தி ஸ்டேடியத்துல இருக்கிற மாவட்ட விளையாட்டு அலுவலகத்துல போயி நேரா கேட்டா என்ன டிரையல்ஸ் எப்போன்னு சொல்லுவாங்க, வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாத. எஸ்டிஏடி, அதாவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட விளையாட்டு விடுதிகளுக்கு வழக்கமா 7, 8, 9, 11ஆம் வகுப்புக்கு ஆள் எடுப்பாங்க, ஆன்லைன்ல விண்ணப்பிச்சு செலக்‌ஷனுக்குப் போகணும், தங்கற இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமிருந்து தினமும் இருவது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி ப்ராக்டிஸ் பண்றது நடக்காத காரியம், அந்தப் பொண்ணுங்களுக்கு விடுதிதான் உண்மையான வழி. அது கிடைக்கிற வரைக்கும் வார நாள்ல மேலயே சுவத்துப் பந்தும் 11+ உம், சனி ஞாயிறு மட்டும் கீழ டீமோட.

மாவட்ட சங்கம் வழியா சப் ஜூனியர், ஜூனியர், சீனியர் மாநில அணி செலக்‌ஷன் நடக்கும். தமிழ்நாடு இதுல சும்மா பேருக்கு ஆடற டீம் இல்ல, சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப்பை 2018லயும் 2023லயும் ஜெயிச்ச டீம். நம்ம ஸ்டேட்ல இருந்து சௌமியா நாராயணசாமி இந்திய அணியில கீப்பரா இருந்தவங்க, 2022 ஆசியக் கோப்பை அணியில அவங்க பேர் இருந்துச்சு. அடுத்தது மாநில லீக் கிளப், அங்க இருந்து இந்தியன் விமன்ஸ் லீக் 2, அப்பறம் டாப் லீக். மதுரை சேது எஃப்சி 2018-19ல அந்த லீக்கையே ஜெயிச்சிருக்கு, நமக்கு அது பஸ்ல போற தூரம். கிளப்ல சேந்தா ஏஐஎஃப்எஃப், அதாவது அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனத்தோட ஆன்லைன் பதிவு கட்டாயம்.

பேப்பர் விஷயம், இதை கிரவுண்டுக்கு வந்த முதல் நாள்ல இருந்தே ஒரு ஃபைல்ல வை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், ஸ்கூல் சர்டிஃபிகேட் மூணுலயும் பேரும் தேதியும் ஒண்ணா இருக்கணும், இனிஷியல் மாறினாக்கூட செலக்‌ஷன் டேபிள்ல உக்கார வச்சிடுவாங்க. வயசைக் குறைச்சுக் காட்டலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா ஓடிப்போயிடு, மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பாங்க. விளையாட்டு ஒதுக்கீட்டுல வேலைக்குக் காட்டற சான்றிதழும் முக்கியம்: மாநிலத்துக்கு தேசியப் போட்டியில ஆடினா ஃபார்ம் 2, யுனிவர்சிட்டிக்கு ஆடினா ஃபார்ம் 3, ஸ்கூல் நேஷனல்ஸ்க்கு ஃபார்ம் 4, ஆடி முடிச்ச உடனே கையெழுத்து வாங்கிடு. நாலு வருஷம் கழிச்சுக் கேட்டா அந்த ஆபீஸர் மாறிப் போயிருப்பாரு.

டிரையல்ஸ்ல கீப்பருக்கு சில சமயம் பத்து நிமிஷம்தான் கிடைக்கும், அதுல உன் பக்கம் பந்தே வராமலும் போகலாம். அதனால சத்தமா பேசு, நல்லா நில்லு, பாஸ் சுத்தமா கொடு. கூடவே மூணு நிமிஷ வீடியோ ஒண்ணு தயாரா வை: கிராஸ், ஒண்ணுக்கு ஒண்ணு, கால் பாஸ், ரெண்டு பக்க டைவ். பாட்டு எல்லாம் சேக்காத, முழு மேட்ச் வீடியோவும் கைவசம் இருக்கட்டும், நல்ல கோச் அதைத்தான் கேப்பாங்க.

படி 10: கான்ட்ராக்ட், சம்பளம், வேலை

பூசி மெழுகாம சொல்றேன். 2023ல ஏஐஎஃப்எஃப் ஒரு ரூல் கொண்டு வந்துச்சு, டாப் லீக் கிளப் ஒவ்வொண்ணும் குறைஞ்சது 10 இந்திய வீராங்கனைகளுக்கு வருஷம் 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாம கான்ட்ராக்ட் கொடுக்கணும்னு. நல்ல விஷயம், ஆனா டீம்ல இருக்கிறது பத்துப் பேர் மட்டும் இல்லயே. ரெண்டாவது கீப்பர், மூணாவது கீப்பருக்கு அது தானா வந்து சேரும்னு நினைக்காத, கேட்டு எழுத்துல வாங்கணும். லீக்கும் வருஷம் பூரா நடக்கறதில்ல, 2024-25ல எட்டு டீம், ஒரு டீமுக்கு 14 மேட்ச்.

கையெழுத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது: சம்பளம் எத்தனை மாசத்துக்கு, முட்டி கிழிஞ்சா ஆபரேஷன் செலவு யாரோடது, அந்த மாசங்கள்ல சம்பளம் உண்டா, தங்கற இடம் எப்படி, பெண் ஸ்டாஃப் டீமோட இருக்காங்களா, செமஸ்டர் எக்ஸாமுக்கு விடுவாங்களா, கிளப் மாறணும்னா என்ஓசி (ஆட்சேபனை இல்லைன்னு கிளப் தர்ற கடிதம்) எப்படி. டிரையல்ஸ்க்கோ செலக்‌ஷனுக்கோ பணம் கேக்கறவன் ஏஜென்ட் கிடையாது, ஏமாத்துக்காரன். ராத்திரியில தனியா ரூமுக்கு வான்னு கூப்பிடற கோச், ஃபோட்டோ கேக்கற கோச், இவனுங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அன்னைக்கே வீட்டுலயும் சங்கத்துலயும் சொல்லு, குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம்.

டிகிரியை விடாத. ஒரு டீம்ல பதினோரு பேர் ஆடறாங்க, அதுல கீப்பர் ஒண்ணே ஒண்ணு, முதல் கீப்பர் காயப்படாம ஃபார்ம்ல இருந்தா நீ ஒரு சீசன் பூரா பெஞ்சுல உக்காரலாம். அதனால கீப்பருக்குத்தான் ரெண்டாவது வழி ரொம்ப முக்கியம். தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு, போலீஸ், ரயில்வே, மத்தியப் படைகள்லயும் விளையாட்டு ஒதுக்கீட்டுல எடுக்கறாங்க. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கும் ஆடினாங்க, தமிழ்நாடு போலீஸ்ல சப் இன்ஸ்பெக்டராவும் இருக்காங்க. வெளிநாடும் நடக்காத கனவு இல்ல, மணிப்பூர் கீப்பர் பாந்தோய் சானு ஆஸ்திரேலியாவுல கிளப் ஆடினவங்க, 2025 ஜூலையில தாய்லாந்தை 2-1னு ஜெயிச்சு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இந்திய அணியோட கீப்பர் அவங்கதான்.

படி 11: கோல் வாங்கினப்பறம்

வாங்குவ. உலகத்துல எல்லா கீப்பரும் வாங்கறாங்க. வாங்கின உடனே செய்ய ஒரு வேலை வச்சுக்கோ, தண்ணி குடிக்கிறது, கிளவுஸ் ஸ்ட்ராப்பைப் பிரிச்சு மாட்டறது, அப்பறம் டிஃபெண்டருக்கு அடுத்த வார்த்தை சொல்றது. மேட்ச் நடக்கறப்போ அந்தக் கோலை அலசாத. மறுநாள் நோட்டுல எழுது: பந்து எங்க இருந்து வந்துச்சு, நான் எங்க நின்னேன், நின்னேனா நகர்ந்துக்கிட்டு இருந்தேனா. எல்லாக் கோலும் கீப்பர் தப்பு இல்ல, எது உன்னோடது எது இல்லன்னு பிரிச்சுப் பாக்கறதுதான் இந்த நோட்டோட வேலை.

2023 உலகக் கோப்பையில சிறந்த கீப்பருக்கான கோல்டன் கிளவ் வாங்கின இங்கிலாந்து கீப்பர் மேரி ஏர்ப்ஸோட ஜெர்சியை முதல்ல கடையிலயே விக்கல, ரசிகருங்க சண்டை போட்டப்பறம்தான் விற்பனைக்கே வந்துச்சு. கீப்பரை மதிக்காதது நம்ம ஊர் பழக்கம் மட்டும் இல்லன்னு தெரிஞ்சுக்க சொல்றேன்.

அப்பா அம்மாவுக்கு

அப்பா, அம்மா, நீங்க கேக்கற முதல் கேள்வி கறுத்துப் போயிடுவாளே, கால்ல தழும்பு விழுமே, நாளைக்கு யாரு கட்டிக்குவாங்கன்னு. தழும்பு விழும்ங்க, மறைக்கல. ஆனா சின்னப்பம்பட்டியில இருந்து நடராஜன் போனப்போவும், பெரியவடகம்பட்டியில இருந்து மாரியப்பன் போனப்போவும் இதே சேலம் ஜில்லாதான் பட்டாசு வெடிச்சுச்சு, பையனுக்கு வெடிச்ச ஊர் பொண்ணுக்கும் வெடிக்கும், முதல்ல வீடு அனுப்பணும். மேட்ச் பாக்க வாங்க. வந்தா கோல் பின்னாடி நின்னு "இடது போ, வலது போ"ன்னு கத்தாதீங்க, அவளுக்குக் கோச்சோட குரல் கேக்கணும். வண்டியில கூட்டிட்டு வர்றப்போ எத்தனை கோல் வாங்கினன்னு கேக்காம பசிக்குதான்னு கேளுங்க. ப்ராக்டிஸ் முடியற நேரத்துக்கு ஆள் போங்க, அதுவே பாதி பாதுகாப்பு.

ஆடி முடிச்சப்பறம்

கீப்பருங்க மத்த ப்ளேயருங்களை விட லேட்டா வரைக்கும் ஆடலாம், முப்பத்தஞ்சு தாண்டியும் ஆடறவங்க இருக்காங்க. ஆடறப்பவே கோச் ஆகறதுக்கான ஏஐஎஃப்எஃப் டி லைசென்ஸ் கோர்ஸ் முடிச்சு வை, அதுக்கப்பறம் சி, கீப்பர் கோச்சிங்குக்குன்னு ஏஎஃப்சி (ஆசிய ஃபுட்பால் சம்மேளனம்) கோல்கீப்பிங் லெவல் 1 தனியா இருக்கு. சேலத்துல பொண்ணுங்களுக்குக் கோல்கீப்பிங் சொல்லித்தர பொண்ணு கோச் தேடினா கிடைக்கறது ரொம்பக் கஷ்டம், அதனால இப்போதைக்கு ரெண்டு கீப்பர் பொண்ணுங்க ஒருத்திக்கு ஒருத்தி பந்து போட்டுத்தான் பழகணும், வேற ஸ்கூல் பொண்ணா இருந்தாலும் பரவால்ல, போட்டியா நினைக்காம கூப்பிடு. வாரத்துல மூணு நாள், ஒரு மணி நேரம், காலை ஆறரைக்குள்ள ஆரம்பிச்சா வெயிலும் ஏறாது, ஸ்கூல் பஸ்ஸும் போகாது. முதல் வாரம் மணல் பிட்டும் சுவரும் மட்டும், கயிறு ரெண்டாவது வாரம்.